விபூதி போட்டுத் தேய்த்த பதக்கம்

அன்புள்ள செல்வி அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இத்தனை நாள் எழுதாதவள் இப்போது எழுதுகிறாளே, ஏதோ காரியம் இருக்கும் என்று நினைப்பீர்கள். இருக்கிறது. பட்டாளத்தில் இருந்தபோது நீங்கள் நாலு கடிதம் போட்டால் நான் ஒன்று போடுவேன். அதிலும் பாதி மாட்டைப் பற்றித்தான் இருக்கும் என்று கேலி செய்வீர்கள்.

இப்போது மாடும் இல்லை. முழங்கால் வலியோடு என்னால் பார்க்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். முருங்கை மட்டும் கேட்பாரில்லாமல் காய்க்கிறது. செல்வி பெரம்பலூரிலிருந்து வரும்போதெல்லாம் பை நிறையப் பறித்துக்கொண்டு போகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்களுக்கென்று அரியலூரில் ஒரு காட்சிக்கூடம் திறக்கிறார்கள். உங்கள் பதக்கங்களைக் கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். எனக்கு மனசே வரவில்லை. செல்விதான், "பொட்டிக்குள்ள கெடந்தா நீ ஒருத்திதாம்மா பாப்ப. அங்க இருந்தா ஊரே பாக்கும்ல" என்றாள். அப்பாவைப் போலவே பேசத் தெரிந்தவளாயிற்றே, சரி என்றுவிட்டேன்.

போன வியாழக்கிழமை செந்துறையில் பஸ் ஏறினோம். பதக்கங்களை உங்கள் பழைய வேட்டியில் சுற்றி, பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண், "நகைங்களா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அங்கே இருந்த மேடத்துக்குச் செல்வி வயதுதான் இருக்கும். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்தாள். சின்னப் பதக்கங்களின் விளிம்பில் உங்கள் நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருப்பதை எங்களுக்கும் காட்டினாள். கடைசியில் அந்தப் பெரிய வெள்ளிப் பதக்கத்தை எடுத்தாள். குண்டடி பட்ட இரண்டு பேரைப் பனிமலையிலிருந்து ஒருவர் பின் ஒருவராகத் தோளில் சுமந்து இறக்கியதற்கு உங்களுக்குக் கொடுத்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தாள்.

"இதுல மட்டும் பேரு இல்லையேம்மா. தேஞ்சு போயிருக்கு. எதப் போட்டுத் தேச்சீங்க?"

"விபூதிங்க" என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? வெள்ளியை விபூதி போட்டுத்தானே தேய்ப்பார்கள்? ஆயுத பூசைக்கு முதல் நாள் குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம் எல்லாவற்றோடும் அதையும் சேர்த்துத்தான் தேய்ப்பேன். மறுநாள் மண்வெட்டி, அரிவாள், என் தையல் மெஷின் எல்லாம் வரிசையாக இருக்கும். நடுவில் உங்கள் பதக்கத்துக்கும் சந்தனம், குங்குமம். "அது ஆயுதமா புள்ள?" என்று வருஷம் தவறாமல் கேட்பீர்கள். கேட்டுவிட்டு, பொரிகடலைத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று அப்போது உங்களிடம் சொன்னதில்லை.

ஒரு வருஷம் நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் விளிம்பை வெகுநேரம் பார்த்தீர்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா பளபளன்னு இருக்கு" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துபோயிற்றா? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் நான் அழுதுவிடுவேன் என்றா?

அந்த அறையில் நான் அழத்தான் செய்தேன். என் விரலாலேயே உங்கள் பெயரை அழித்திருக்கிறேனே. மேடம் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். "பதக்கத்தோட குடுத்த பத்திரம் இருக்குங்களாம்மா?" என்று கேட்டாள். அதைக் கரையான் தின்ற கதைதான் உங்களுக்குத் தெரியுமே. பட்டாள ஆபீசுக்கு எழுதிப் போட்டால் பதில் வர மாசக் கணக்கில் ஆகுமாம். திறப்பு விழாவோ வருகிற ஞாயிற்றுக்கிழமை.

"பதில் வர்ற வரைக்கும் பேர் எழுதாமத்தாம்மா இத வைக்க முடியும். இல்லன்னா ஒரு வழி இருக்கு. நீங்க அவரோட சம்சாரம். இது யாரோடதுன்னு உங்க வாயால சொல்லுங்க. பதிவு பண்ணிக்கிறோம். அத வச்சு பேர் எழுதிடலாம்" என்றாள்.

"நான் சொல்றேங்க மேடம்" என்று செல்வி முந்திக்கொண்டாள். அவளுக்கு என்னைத் தெரியாதா?

"முதல் வாரிசு அம்மாதாங்க. அம்மாதான் சொல்லணும்" என்றாள் மேடம்.

கல்யாணமான நாளிலிருந்து நான் உங்கள் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பின்னால் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். கல்லங்குறிச்சித் தேருக்குப் போனாலும் வெறும் "பெருமாளே" தான். முழுப் பெயரையும் சொன்னால் உங்கள் பெயர் வந்துவிடுமே. "சாமியையாவது பேர் சொல்லிக் கூப்புடு புள்ள, நான் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்பீர்கள். கடைசியாக உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நோயாளி பெயர் என்ன என்று நர்ஸ் கேட்க, நான் திருதிருவென்று விழிக்க, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நீங்களே மாஸ்க்கை விலக்கிச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தீர்கள்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லிவைத்திருந்தாள். நீங்கள் பனிமலையில் இருந்தீர்கள். ரேடியோவில் சண்டைச் செய்தி வரும். இங்கே இருந்துகொண்டு உங்களுக்காக நான் வேறு என்ன செய்துவிட முடியும்? பெயரைச் சொல்லாமல் இருந்தேன். நீங்கள் திரும்பி வந்தபோது, அதில் என் பங்கும் இருக்கிறது என்று மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

நீங்கள் போன பிறகும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால், காப்பாற்ற இனி ஒன்றும் இல்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதுதான் பயம். மேடம் பேச்சைப் பதிகிற மெஷினை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லாவிட்டால், மலையில் இரண்டு உயிரைச் சுமந்த ஆளின் பதக்கம் யாருடையது என்றே தெரியாமல் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்.

"இது ஹவில்தார் வரதராசனோடதுங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா."

"ஹவில்தார் வரதராசன். என் வூட்டுக்காரரு."

"போதும்மா, பதிவாயிடுச்சு" என்று மேடம் மெஷினை அணைத்துவிட்டாள். செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் இன்னொரு தடவை சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகப் போய் நிற்பேன். அதற்குப் பிறகும், கால் நடக்கிற வரைக்கும் மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வருவேன். அந்தப் பெட்டி முன்னால் யார் வந்து நின்றாலும், இது யாருடையது என்று என் வாயாலேயே சொல்லுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
வரதராசன் மனைவி
ராசாத்தி