கோல்டு கார்டுக்காரரின் பின்பக்க ரூம்

டிசம்பர் 11, திங்கள் (2006)

நல்ல பனி. எதிர்வீட்டு ஸ்டார் விளக்கு மட்டும் மங்கலாய்த் தெரிந்தது. கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கலாவுக்கு மாவு பிசைந்தாயிற்று, தேங்காய்ப்பால் கொஞ்சம் ஜாஸ்தி. எண்ணெய் வாங்கணும். சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லணும்.

இவர் கம்பெனியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். முட்டி வலிதான் என்று வெந்நீர் வைக்கப் போனேன்.

"அதெல்லாம் வேணாம் ரோசு. உக்காரு. பீச் ஓட்டலுக்குப் போலாமா?"

கையில் மாவோடு உட்கார்ந்தேன். கல்யாணமாகி இருபத்திநாலு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

விஷயம் இதுதான். ஷூ ஆர்டர் குடுக்க வரும் வெள்ளைக்காரர்களை, கம்பெனியில் பையர் என்பார்கள், ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டு வந்து ஆம்பூரைக் காட்டி, வேலை முடிந்ததும் மகாபலிபுரம் பக்கம் கடற்கரை ஓட்டலில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து, பிளைட் ஏற்றி விடுவது இவர் வேலை. இவரும் கூடவே தங்கணும். இனி இப்படி ஓயாமல் கார்ப் பிரயாணம் கூடாது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் முட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஜனவரியிலிருந்து ஆபீசில் நாற்காலி வேலை. பையர்கள் எல்லாம் கூட வேலை பார்க்கும் பையன் இம்ரானுக்கு.

தங்கத் தங்க ஓட்டல்காரர்கள் இவர் பெயருக்குக் கார்டு குடுத்திருக்கிறார்கள். ஒரு ஓட்டலில் சில்வர், இன்னொன்றில் கோல்டு. கோல்டு என்றால் அதே வாடகைக்குக் கடல் பார்த்த பெரிய ரூம், பழத்தட்டு, மறுநாள் சாயங்காலம்வரை காலி பண்ணச் சொல்லமாட்டார்கள். ஆனால் வருஷா வருஷம் தங்கிக்கொண்டே இருந்தால்தான் கோல்டு நிற்கும். இல்லையென்றால் நிறம் போய்விடும். சேர்ந்த பாயிண்டுக்கு ஓட்டலுக்கு ஒரு ராத்திரி இலவசம், இந்த மாசத்தோடு அதுவும் போச்சு.

"வீட்ல தங்கம் இருக்கறதே எனக்குத் தெரியாதே. தெரிஞ்சா அடகு வெச்சிருப்பேன்," என்றேன்.

சிரிக்கவில்லை. இம்ரான் எந்த ஓட்டல் நல்லது என்று கேட்டிருக்கிறானாம். கடைசியாய் ஒரு தடவை பார்த்துச் சொல்லணுமாம்.

"நீ பையர் மாதிரி தங்கிப் பாரு. எது நல்லாருக்குன்னு சொல்லு."

"அப்ப என்னை மேடம்னு கூப்புடணும்."

அப்புறம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பையர் இல்லாம நான் அங்க போனதே இல்ல. சலாம் எல்லாம் அவங்களுக்குத்தான ரோசு. தனியா போனா என்னை யாருன்னு கேப்பாங்களோ இன்னாவோ."

இதற்கும் ஒரு கிண்டல் வாயில் இருந்தது. முழுங்கிவிட்டேன்.

டிசம்பர் 14, வியாழன்

எண்ணெய் வாங்கியாச்சு. கல்கலா சுட்டாச்சு. டப்பா மூடி சரியாய் உட்காரவில்லை, மேலே குழவி வைத்திருக்கிறேன்.

பை கட்டினோம். என்னுடையது: புதுச் சுங்குடிப் புடவை, இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய். இவர் பையில் பார்த்தால் ஒரே ஒரு ஷூ. சாம்பிள் என்றால் வலது கால் மட்டும்தான் தைப்பார்கள், பையர் பார்க்க அது போதும்.

"இது எதுக்குங்க? நான் ஆர்டர் குடுக்கவா?"

"ஒண்ணு பையில இருந்தாத்தான் பை பை மாதிரி இருக்கு."

விட்டுவிட்டேன்.

டிசம்பர் 15, வெள்ளி. முதல் ஓட்டல்

மேகம். மழை இல்லை. பஸ் வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று மாறி மாறி. கோல்டு கார்டுக்காரர் மூணு பேர் சீட்டில் ஓரத்தில், முட்டியை வழியில் நீட்டி. கண்டக்டர் இரண்டு தடவை திட்டினார். "கார்டைக் காட்டுங்களேன், மரியாதை குடுப்பாரு," என்றேன்.

இது சில்வர் ஓட்டல். சவுக்குத் தோப்புக்குள் தனித்தனி வீடுகள். என் பாஷையில் தோப்பு ஓட்டல். உள்ளே நுழைந்ததும் புதினா போட்ட பச்சைத் தண்ணீர், சுண்டுவிரல் அகல டம்ளரில். சில்வருக்கு அவ்வளவுதான் போல. ஆனால் ரூம், என்ன சொல்ல. வாசலில் ஊஞ்சல். பாத்ரூம் நம் கூடத்தைவிடப் பெரிசு, கூரையில் பாதி திறந்து வானம் தெரிகிறது. குளிக்கும்போது ஒரு காக்கா எட்டிப் பார்த்தது. துண்டை யானை மாதிரி மடித்துக் கட்டில் மேல் உட்கார வைத்திருந்தார்கள். அதைப் பிரிக்க மனசு வராமல் என் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டேன்.

குறை: கடல் தூரம். மணலில் நடந்து நடந்து இவர் முட்டி வீங்கிப் போச்சு. இட்லி நாளை காலையில் பார்த்துச் சொல்கிறேன்.

இனி நடந்த கூத்து. நாங்கள் கடலுக்குப் போயிருந்தபோது ரூம் சுத்தம் பண்ண வந்தவர்கள் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஒற்றை ஷூவைப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று காணோம். திரும்பி வந்தால் வாசலில் ஐந்தாறு பேர். கட்டிலைத் தூக்கிப் பார்க்கிறார்கள். தோட்டக்காரர் செடிக்குள் குச்சியை விட்டுக் கிளறுகிறார். துணி துவைக்கிற இடத்தில் எல்லா மூட்டையும் பிரித்தாச்சாம்.

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு, "சாரி சார், லெஃப்ட் ஷூவைக் கண்டுபுடிச்சிடுவோம். நாய் எதுனா தூக்கினு போயிருக்கும். இல்லன்னா புதுசு ஒரு ஜோடி வாங்கித் தர்றோம்."

இவர், "இல்லைங்க, அது ஒண்ணுதாங்க," என்றார்.

மேனேஜர் இவர் காலைப் பார்த்தார். இரண்டு காலும் இருந்தது. மறுபடியும் காலைப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்காமல் ஊஞ்சலில் போய் உட்கார்ந்துவிட்டேன். இவர் ஆம்பூர் ஷூ வியாபாரத்தை முதலிலிருந்து விளக்கி முடிக்க நேரமாச்சு. எல்லாம் கேட்டும் அந்த மனுசர் சாரி சொல்வதை நிறுத்தவில்லை. ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு கேக் அனுப்பினார். நல்ல கேக், முந்திரி ஜாஸ்தி. தங்கமான ஆட்கள்.

இவர் மட்டும் கேக் சாப்பிடவில்லை. "நாளைக்கு அந்த ஓட்டல்," என்றார், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

டிசம்பர் 16, சனி. இரண்டாவது ஓட்டல்

வெயில். தோப்பு ஓட்டல் இட்லி: கல். பொடியும் ஊறுகாயும் கைகொடுத்தது.

கோல்டு ஓட்டலுக்கு ஆட்டோவில் போனோம். வாசலில் சங்கு மாதிரி பெரிய சிமெண்டு பொம்மை, ஆகவே சங்கு ஓட்டல். ஆட்டோ உள்ளே போகக்கூடாதாம். வாட்ச்மேன் கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து பார்த்தார். உடனே சலாம்.

"குணா சாரா. இன்னா சார் ஆட்டோல? வண்டி எங்க, கெஸ்ட் எங்க?"

இவர் ஏதோ முனகினார். வாட்ச்மேன் எங்களைத் தாண்டி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், பின்னால் வெள்ளைக்காரர் கார் வரும் என்று. இவர் முகம் சுண்டைக்காய் ஆகிவிட்டது. சட்டைப் பையில் கார்டைப் பிடித்துக்கொண்டே நடந்தார், வெளியே எடுக்கவில்லை.

கவுண்டரில் வசந்தி என்று பெயர் குத்திய பெண். எழுந்து நின்று கும்பிட்டாள்.

"வாங்க சார், முட்டி எப்டி இருக்கு? உங்க ரூம் ரெடி. எப்பவும் போல. கெஸ்ட் பின்னாடி வர்றாங்களா?"

"இல்லம்மா. இந்தத் தடவை நாங்கதான்," என்று இவர் சொன்னது எனக்கே காதில் விழவில்லை. அவளுக்கு எங்கே விழும். சாவி குடுத்தாள்.

நடந்தோம். கடலைப் பார்த்து இல்லை, எதிர்ப்பக்கம். சமையல்கட்டைத் தாண்டி, துணி காயும் கொடியைத் தாண்டி. ரூம் ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர்.

ஆனால் உள்ளே பார்க்கணும். முதுகுவலிக்கு மெத்தைக்கு அடியில் பலகை. பிளாஸ்கில் வெந்நீர். தமிழ் பேப்பர். இஸ்திரிப்பெட்டி. முட்டிக்குக் கீழே வைக்க ஒரு தலையணை, தனியாய். மேஜை ஓரத்தில் வெள்ளைத்தாள் விரித்து வைத்திருந்தது.

"இந்தத் தாள் எதுக்குங்க?"

"சாம்பிள் வைக்க. மேஜையில பாலிஷ் ஒட்டாம. இங்க யாரும் இன்னொரு ஷூ எங்கன்னு கேக்க மாட்டாங்க." ஷூவை எடுத்து அதன்மேல் வைத்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "பாத்தியா ரோசு, எல்லாம் ஞாபகம் வெச்சிருக்காங்க."

"கடல் பாத்த ரூம்தான கோல்டுக்கு?"

அப்போதுதான் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரிய ரூமைப் பையருக்கு விட்டுக்குடுத்துவிடுவாராம். பழத்தட்டும் அவருக்கே. தனக்கு டிரைவர் பக்கத்தில் இருந்தால் வசதி என்று பின்பக்க ரூம் இவரே கேட்டு வாங்கினது. ஓட்டல்காரர்கள் அதையே இவர் விருப்பம் என்று பதிந்து வைத்து, பலகை போட்டு, தலையணை போட்டு, அருமையாய்ப் பார்த்துக்கொள்கிறார்கள். இதில் யாரைத் திட்டுவது.

அத்தனை வருஷமும் கடற்கரைக்குப் போய்வந்தவர் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் வந்து, கடல் நல்லாருந்துச்சு என்பார்.

"போய் மாத்திக் கேளுங்க."

"எப்டி ரோசு. இவ்ளோ பாத்துப் பாத்து செஞ்சிருக்காங்க. எனக்குக் கேட்டுப் பழக்கமில்ல."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. கட்டில், பிளாஸ்க், நான், எல்லாம் நடுங்கினோம்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். "மிஸ்டர் குணா. பையருக்கு ரூம் புடிக்கல."

என்னைப் பார்த்தார். வேறு யாராவது சொன்னதுபோல் சட்டையை உள்ளே சொருகினார். எழுந்தார். பையருக்காக என்றால் இவர் கலெக்டரிடமே சண்டை போடுவார் என்று இம்ரான் சொல்லுவான், இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். முட்டிவலிக்காரர் முன்னால், நான் பின்னால் ஓட்டம்.

"வசந்தி, என் கெஸ்ட்டுக்கு அந்த ரூம் சரியில்லம்மா."

"கெஸ்ட் வந்துட்டாங்களா சார்?"

"வந்துட்டாங்க. இதோ. என் வீட்டுக்காரம்மா." கார்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். ஓரமெல்லாம் தேய்ந்த கார்டு.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து என் கழுத்தில் சோழி மாலை போட்டாள். இளநீர் வந்தது. கடலைப் பார்த்த ரூம், மாடியில், சாவி என் கையில்.

"சார், பலகையும் தலையணையும் அங்க கொண்டாந்துடச் சொல்றேன்."

இவர் உடனே, "எனக்கு எதுக்கும்மா, நான் பின்னாடி ரூம்லயே இருந்துக்கறேன்," என்றார்.

பழக்கம். சொல்லி முடித்தபின்தான் அவருக்கே உறைத்தது. நான் சிரித்தேன், வசந்தி சிரித்தாள், இளநீர் கொண்டுவந்த பையன் எதற்கென்று தெரியாமலே சிரித்தான்.

ரூம்: கட்டிலில் படுத்தால் கால் கட்டைவிரலுக்கு அந்தப்பக்கம் கடல். இதற்குமேல் எழுத வரவில்லை. பழத்தட்டில் பேர் தெரியாத ஒரு பழம், உள்ளே வெள்ளை, எள்ளு தூவின மாதிரி. சப்பென்று இருக்கிறது, பார்க்க அழகு. விதைகளை எடுத்துக் காகிதத்தில் மடித்துவைத்தேன்.

சாயங்காலம் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்தோம். ஷூவைக் கழற்றச் சொன்னேன், கழற்றவில்லை. "எப்பக் கூப்புடுவாங்கன்னு தெரியாது," என்றார்.

"யாருங்க?"

அலை வந்து ஷூவோடு நனைத்துவிட்டுப் போனது.

டிசம்பர் 17, ஞாயிறு

ஆராதனை போச்சு. அதுவும் கிறிஸ்துமஸ் மாசத்து ஞாயிறு. கர்த்தர் மன்னிக்கட்டும், கடலைப் பார்த்து ஒரு பாட்டு பாடிவிட்டேன்.

எழுந்தால் பக்கத்தில் ஆள் இல்லை. மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழே போனேன். கவுண்டர் எதிரில் தூண் ஓரமாய் நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, ஈர ஷூ. நாற்காலி காலியாய்த்தான் இருக்கிறது, உட்காரவில்லை. ரொம்ப நேரமாய் நிற்பதாய் வசந்தி சொன்னாள்.

"இன்னாங்க இது?"

"கெஸ்ட் இறங்கி வர்ற வரைக்கும்," என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அப்புறம், "குட் மார்னிங் மேடம்."

திரும்பி நின்று மாலையைச் சரிபண்ணிக்கொண்டேன். கண்ணில் ஏதோ தூசி.

இட்லி: பஞ்சு. என் பொடிக்கு வேலையில்லை. சர்வர் எனக்கு மட்டும் தட்டு வைத்தார். "சார் எப்பவும் கெஸ்ட் முடிச்ச அப்புறம்தான் சாப்புடுவாரு," என்றார். "கெஸ்ட் சொல்றேன், இப்பவே கொண்டாங்க," என்றேன். எட்டு இட்லி சாப்பிட்டார் என் வீட்டுக்காரர். சூடாய் இருக்கிறது என்று ஒவ்வொரு இட்லிக்கும் சொன்னார்.

நடுவில் இம்ரான் போன். குரல் எனக்கும் கேட்டது. "அண்ணே, எது நல்லாருக்கு?"

"ரெண்டும் அருமை. ஆனா நீ இங்கயே போடு. இங்க ஒத்த ஷூவைப் பாத்தா யாரும் பயப்பட மாட்டாங்க." அப்புறம், "தம்பி, உனக்குப் பின்னாடி ரூம் குடுப்பாங்க. வேணாம்னு முதல் தடவையே சொல்லிடு. அப்புறம் சொல்ல வராது."

சாயங்காலம்வரை ரூம் நம்மதுதான், ஆனால் பஸ் நிற்காதே. மத்தியானமே கிளம்பினோம். சாவி குடுக்கும்போது வசந்தி தயங்கித் தயங்கி, ஜனவரியில் கார்டு நீலமாய் மாறிவிடும், பெரிய ரூமெல்லாம் கிடைக்காது என்றாள். தெரியும் என்றார்.

"பின்பக்க ரூம்னு உங்க பேருல இருக்கே சார். அதை மாத்தணுமா?"

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாய்.

"கடல் பக்கம்னு எழுதிக்கம்மா. ரெண்டு பேரு."

வெளியே வந்ததும், "அதான் இனிமே கிடைக்காதேங்க," என்றேன்.

"கிடைக்காட்டி போவுது. எழுதி இருக்கட்டும்."

பள்ளிகொண்டா தாண்டும்போது பஸ்ஸிலேயே ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு கைப்பிடி மணல். கண்டக்டர் மறுபடியும் திட்டினார். இந்தத் தடவை இவர் சிரித்தார்.

வீடு. கல்கலா டப்பாவில் எறும்பு. மேடம்தான் பொறுக்கணும்.