அமுங்காத ஸ்பிரிங்

அக்டோபர் 14, செவ்வாய்

என் பழைய மவுண்டன் பைக்கில் உப்புக்காற்று தின்றுவிட்ட பின்சக்கர ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டினேன். ஸ்பிரிங் அதே அளவுதான். ஏறி உட்கார்ந்தால் கால்வாசி அமுங்க வேண்டும், அசையவே இல்லை. கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

ஹார்பரில் கிரேன் ஓட்டும் பக்கத்து வீட்டு அந்தோணி ஏறினான். அழகாக அமுங்கியது. அவனும் நானும் ஒரே உடம்பு, சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டவர்கள்.

"ஸ்பிரிங்கு கரெக்டாத்தான் கீது மாமு. நீதான் எளச்சி பாதியா பூட்டே. லைட்டான ஸ்பிரிங்கா வாங்கி மாட்டு," என்றான்.

"வாணாம்ணா, இதே இருக்கட்டும். ஒடம்பு தேறிடும்," என்றாள் என் மனைவி ஸ்டெல்லா, துணி காயப்போட்டபடியே.

எனக்கு டைபாய்டு விட்டு மூன்று மாதம் ஆகிறது. இன்னும் ஏன்...

ராத்திரி கேட்காமலே இரண்டு கரண்டி சோறு கூட வைத்தாள். ஒன்றுதான் இறங்கியது.