பானெட்டைத் தட்டாத நாள்

நவம்பர் 24

மறுபடியும் காரின் மேல் சேற்றுக் கால்தடங்கள். துடைத்துக்கொண்டே பூனை அம்முவைத் திட்டினேன். மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் அவளுடைய மூன்று குட்டிகள். முதல் மாடி நாகலக்ஷ்மி மாமி தன் பழைய புடவையை விரித்துக் கொடுத்திருக்கிறார். மகாராணியோ பால் கொடுத்து முடித்ததும், குளிருக்கு இதமாக என் கார் இன்ஜினுக்குள் போய்ச் சுருண்டுகொள்கிறாள்.

"வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி பானெட்ட ரெண்டு தட்டு தட்டிடு கிறிஸ்டி, எறங்கி ஓடிடும்" என்று மாமி சொன்னதிலிருந்து தினமும் தட்டுகிறேன். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைவிட அம்மு சொன்ன பேச்சு கேட்கிறாள்.

நவம்பர் 28

புயல் எச்சரிக்கை. முடிச்சூரில் இதைக் கேட்டால் யாரும் அரிசி பருப்பைத் தேடுவதில்லை, கார் சாவியைத்தான் தேடுவோம். பெருங்களத்தூர் மேம்பாலத்தில் காரை நிறுத்த இடம் பிடித்தாக வேண்டும். எங்கள் பழைய கார் வெள்ளத்தில் கூரை வரை முழுகியதைப் பார்த்தவள் நான். மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து கணவர் அசரியாவின் போன்: "இடம் ரொம்பிடும், சீக்கிரம் எடு. நின்னு யோசிக்காத."

வீட்டுக்காரர் சொல்லை ஒருநாளும் கேட்காதவள், இன்று கேட்டேன். யோசிக்கவில்லை. தட்டவும் இல்லை.

பாலத்தின் மேல் நிறுத்தி இறங்கியபோது வண்டிக்கடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ பாய்ந்தது. அம்மு! ஒரு கணம் என்னைப் பார்த்தாள். கூப்பிட்டேன். வரிசையாக நின்ற கார்களுக்கு அடியில் புகுந்து மறைந்துவிட்டாள். மழை கொட்டியது. குனிந்து குனிந்து தேடினேன். எவ்வளவு நேரம்? ஒரு ஷேர் ஆட்டோ வந்து நிற்கும் வரை. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால், மாமி குட்டிகளின் பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அம்முவ பாத்தியா?"

"இல்ல மாமி."

ஏன் அப்படிச் சொன்னேன்?

நவம்பர் 29

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லை, டிவி சத்தம் இல்லை. மாடியில் குட்டிகள் கத்துவது மட்டும் நன்றாகக் கேட்கிறது.

நவம்பர் 30

ஆலயத்துக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே ஜெபம். பாவ அறிக்கை வந்ததும் என் குரல் மட்டும் அடைத்துக்கொண்டது. தொண்டை சரியில்லையா என்று அசரியா கேட்டார். ஆமாம் என்றேன். அதுவும் பொய்.

டிசம்பர் 2

காரை எடுக்கப் போன சாக்கில் பாலம் முழுக்கத் தேடினேன். கையில் கருவாட்டுப் பொட்டலம். பாலத்துக்குக் கீழே டீக்கடைக்காரர், "எந்தப் பூனைக்கா? இங்க நெறைய கீது" என்று சிரித்தார்.

குட்டிகளில் சின்னது போய்விட்டது. மாமி பவழமல்லி அடியில் புதைத்துவிட்டு, வாட்ச்மேன் அப்பாதுரை காதில் விழும்படியே என்னிடம் சொன்னார்: "எல்லாம் இவன் வேலை. அம்முவ கோணில கட்டிண்டு போய் எங்கயாவது விட்டுடறேன்னு அன்னிக்கே சொன்னானே!"

அவருக்குத் தினமும் கொடுக்கும் காலைக் காபியை மாமி நிறுத்திவிட்டார். டம்ளரோடு படிக்கட்டில் நின்று பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

டிசம்பர் 5

கேட்டருகே அப்பாதுரை: "கடுப்புல ஒரு பேச்சுக்கு சொன்னேன் டீச்சர். குட்டி போட்டத யாராவது தூக்கினு போவாங்களா? மாமி மூஞ்சிய திருப்பிக்கினு போறாங்க. பேஜாரா கீது."

"பாவம் நீங்க" என்றேன். பாவமாம்! எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு. சீ.

டிசம்பர் 9

சொல்லிவிட்டேன்.

மாமி இங்க் ஃபில்லரால் குட்டிக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். "மாமி, அம்முவ பாலத்துக்குக் கொண்டு போனது நான்தான். தட்ட மறந்துட்டேன். அங்க எறங்கி ஓடினத பாத்தேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

குட்டியின் வாயைத் துடைத்துவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா மழையோட மழையா நானே போயிருப்பேனே" என்றார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "போறச்சே கதவ சாத்திண்டு போ."

டிசம்பர் 10

அப்பாதுரைக்குக் காபி வந்தது. மாமியே கீழே இறங்கி வந்து கொடுத்தார். என் வாசலைக் கடந்து போனபோது திரும்பிப் பார்க்கவில்லை. நியாயம்தான்.

டிசம்பர் 18

மார்கழிக் குளிர். தாயில்லாத குட்டிகளுக்குச் சூடு வேண்டுமே. பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி, மாமியின் வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். காலையில் காலி பாட்டில் என் வாசலில் இருக்கிறது. ஒரு வார்த்தை இல்லை.

டிசம்பர் 25

மாமிக்கென்று முட்டை சேர்க்காமல் செய்த கேக்கை அசரியா கொண்டு போனார். வாங்கிக்கொண்டாராம்.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"இல்லையே."

சாயங்காலம் மறுபடி பாலத்துக்குப் போனேன். இல்லை.

ஜனவரி 7

பானெட்டை இரண்டு தட்டு தட்டினேன். ஒன்றும் இறங்கவில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகப் போனேன். மாடி பால்கனியிலிருந்து குரல்.

"கிறிஸ்டி! நன்னாத் தட்டிப் பாரு. இங்க ஒண்ணுதான் இருக்கு."

இறங்கிப் பானெட்டையே திறந்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் சாம்பல் குட்டி, கண்ணை மூடிக்கொண்டு. அச்சு அசல் அம்முவின் முகம். வெளியே எடுத்து மேலே தூக்கிக் காட்டினேன். மாமி குட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மேல கொண்டு வா. கதவு தொறந்துதான் இருக்கு."

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. கொண்டு போனேன்.