சிரித்ததும் திரும்பிப் பார்ப்பது

சைக்காலஜி மேடத்துக்கு,

இன்று காலேஜில் நாடக விழா. கட்டிக்கொண்டு போகலாம் என்று பீரோவிலிருந்து அந்த அரக்குப் புடவையை எடுத்தேன். மடிப்பைப் பிரித்ததும் உன் மேக்கப் பவுடர் வாசனை. ஒரு தரம்கூட அதைத் துவைக்கவில்லை. சோம்பேறி என்பாய். சொல்லிக்கோ. புடவையைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ன கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ நாடகமும் சைக்காலஜியும் படிக்கிறாய் என்று நான் வேலை பார்க்கும் கேண்டீனில் வந்து சொன்ன அன்று, டீயை ஆற்றிக்கொண்டே கேட்டேன்: "ஒண்ணு வேஷம் போட, இன்னொண்ணு அடுத்தவங்க வேஷத்தக் கண்டுபிடிக்க. திருடனும் போலீசும் நீயேவா?" குடித்த டீ உனக்கு மூக்கில் ஏறியது. அன்றிலிருந்து நீ எனக்கு மேடம்.

கடைசி வருடம் உங்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். நிஜ ஆள் ஒருத்தரை மாதக்கணக்கில் கவனித்து, மேடையில் அவராகவே நிற்க வேண்டும். நீ என்னைப் பிடித்தாய். பச்சை அட்டை நோட்டோடு பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாய். கேட்டதற்கெல்லாம் வாய்க்கு வந்ததை அளந்தேன். ஒரு நாள் மட்டும் மெதுவாகக் கேட்டாய்.

"சிரிச்சு முடிச்சதும் ஏன்க்கா திரும்பிப் பாக்குறீங்க?"

"பஸ்சு வருதான்னு."

"கேண்டீனுக்குள்ளயா?"

"பெங்களூர் டிராபிக்ல எது எங்க வேணா பூந்துரும், போடி."

நீ சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாய்.

நான் சத்தமாகச் சிரித்தால் என் வீட்டுக்காரருக்கு ஆகாது. பின்னாலிருந்து பிடரியில் அடி விழும். அந்த மனுஷன் செத்துப்போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. கழுத்துக்குத்தான் யாரும் சேதி சொல்லியிருக்கவில்லை.

பரீட்சை அன்று என் அரக்குப் புடவையைக் கட்டி மேடைக்கு வந்தாய். என் நடை, என் நக்கல், கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசுவது. ஹாலே குலுங்கியது. கடைசி வரிசையில் நானும்தான் விசில் அடித்தேன். அப்புறம் என் சிரிப்பைச் சிரித்தாய். சட்டென்று நிறுத்தி, தோளைக் குறுக்கி, பின்னால் திரும்பிப் பார்த்தாய். ஹாலில் ஒரு சத்தமில்லை. பக்கத்தில் இருந்த, என்னோடு பாத்திரம் தேய்க்கிறவள் என் கையைப் பிடித்தாள்.

வெளியே ஓடி வந்தாய். "அக்கா, எப்பிடி இருந்துச்சு?"

"புடவ கேட்ட, குடுத்தேன். பொதைச்சு வச்சத ஏண்டி தோண்டுன?"

அதற்கப்புறம் தினம் வந்தாய். "சாரிக்கா, ஒரு நிமிஷம்" என்பாய். நான் முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னொருத்தி கையில் டீயைக் கொடுத்தனுப்புவேன். கோபம் நாலு நாளில் ஆறிவிட்டது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும், திங்கட்கிழமை ஒரு பெரிய ஜோக்கோடு முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். எனக்கு எல்லாமே விளையாட்டு.

திங்கட்கிழமை நீ வரவில்லை. டெங்கு என்றார்கள். ஜுரம் விட்டதும் வருவாள், வாயைக் கிளறலாம் என்று ஜோக்கைப் பத்திரமாக வைத்திருந்தேன். அந்த வாரமே ஆடுகோடி ஏரியாவில் உன் வீட்டைத் தேடிப் போனபோது, வாசல் முழுக்கச் செருப்பு.

உன் அம்மா இந்தப் புடவையை எடுத்து வந்தார். "'நானே அக்கா கையில குடுப்பேன்'னு சொல்லி வச்சிருந்தாம்மா" என்றார்.  வைத்திருந்த ஜோக்கோடு புடவையையும் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன்.

இப்போதும் கேண்டீனில் எல்லோரையும் ஓட்டுகிறேன், சிரிக்கிறேன். சிரித்ததும் கழுத்து தானாகத் திரும்புகிறது. அங்கே குழாய்ப் பக்கம் உன் ஸ்டூல் இருக்கிறது. அடிக்குப் பயந்து திரும்பியதெல்லாம் எனக்கே மறந்துபோயிற்று.

இன்னொரு தரம் கேளு, மேடம். பஸ்சு என்று சொல்ல மாட்டேன்.