கழுத்தில் இருந்தது வார்னிஷ் இல்லை

என்னங்க,

நேற்று முதலில் குரலை உயர்த்தியது நீங்களா நானா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. என் பின்கழுத்து வெள்ளைத் திட்டில் மருந்து தடவும்போது, "என் கை வார்னிஷ் ஒட்டிக்கிச்சு போல" என்று துணியால் தேய்த்தீர்கள். "பட்டறையிலேர்ந்து வந்தா கையைக் கழுவ மாட்டீங்களா?" என்றேன். "ரெண்டு மருந்து போட்டும் ஒண்ணும் ஆகல, இனி நீயே தடவிக்கோ!" என்று எழுந்து போனீர்கள். நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஒரு பக்கமும் நகரவில்லை.

காலையில் மகள் அந்த இடத்தை போனில் படம் பிடித்துக் காட்டினாள். வார்னிஷே இல்லை! வெள்ளைக்கு நடுவே முடி வேர்களைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள். நிறம் இப்படித்தான் திரும்பும் என்று டாக்டர் சொன்னாரே! காலை க்ரீமும் இரவுக் களிம்பும் சேர்ந்து ஜெயித்துவிட்டன. "வந்த கலரையே அப்பா துடைக்கப் பார்த்தாரும்மா!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. பட்டறைக்குக் கிளம்பும்போது சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு.: என் கண்ணுக்கு எட்டாத இடம். ராத்திரி நீங்கள்தான் தடவ வேண்டும்.

இன்னொன்று: எழுப்ப மனமில்லை, நீங்கள் தூங்குகிறீர்கள். மகள் பள்ளிக்குப் போய்விட்டாள். நான் இத்தனை நாள் திட்டை மறைத்த முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.