இருபத்திரண்டு சிரித்த முகங்கள்

மார்ச் 4, செவ்வாய்

கருத்துக் கேட்பு முடிந்தது. கற்றுக்கொள்வதில் சிரமம் உள்ள பெரியவர்கள் இருபத்திரண்டு பேர் எங்கள் பகல்நேர மையத்துக்கு வருகிறார்கள். எல்லோரிடமும் நானே கேட்டேன். எழுத்து தெரியாதவர்களுக்காக மூன்று அட்டைகள்: சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். “நாள் முழுக்க கூடத்துல உட்கார்ந்து மணி கோர்க்கிறது பிடிச்சிருக்கா?” இருபத்திரண்டு விரல்களும் சிரித்த முகத்தைத் தொட்டன.

மேலாளர் மேடத்துக்கு ஏக மகிழ்ச்சி. “அப்ப எதையும் மாத்த வேண்டாம்னு எழுதிடும்மா. பத்தாம் தேதி அதிகாரிங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டா, இன்னும் அஞ்சு வருஷத்துக்கு இதேதான்.”

அறிக்கையின் முகப்பில் என் பெயர். மின்கட்டண ரசீதைத் தவிர எங்கள் வீட்டில் யார் பெயரும் இதுவரை அச்சில் வந்ததில்லை.

மார்ச் 6, வியாழன்

டீச்சர் இன்று மாட்டிக்கொண்டாள். மையத்துக்கு வருகிறவர்களில் ஒருத்தி, முப்பத்திரண்டு வயது. யார் கூன் போட்டு உட்கார்ந்தாலும் “நேரா உட்காரு!” என்பதால் அந்தப் பெயர். கோர்க்கக் கொடுத்த மணிகளை ஒவ்வொன்றாகக் கீழே நழுவவிட்டு, காலால் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். ஒரு குவியலே இருந்தது. பிடித்த வேலையை யாராவது இப்படிச் செய்வார்களா?

அட்டைகளை மறுபடி எடுத்தேன். “மணி கோர்க்கிறது பிடிக்கலையா?” சிரித்த முகம். “இந்தக் கூடத்தை இடிச்சுடலாமா?” சிரித்த முகம். “நான் இனிமே வர வேணாமா?” அதற்கும் சிரித்த முகம். தொட்டுவிட்டு என் கைகளையே பார்த்தாள்.

ஐயோ. கைதட்டல்!

தினமும் காலை வருகைப் பதிவின்போது “இன்னிக்கு எப்படி இருக்கே?” என்று கேட்டு இதே அட்டைகளை நீட்டுவோம். சிரித்த முகத்தைத் தொட்டால் கூடமே கைதட்டும். அழும் முகத்தைத் தொட்டால், “அப்படிச் சொல்லக் கூடாது, எங்கே சிரி பார்ப்போம்.” பதினோரு வருஷப் பழக்கம். ஐந்து மாதமாகக் கைதட்டலைத் தொடங்கிவைப்பது நான்தான்.

அவர்கள் என் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. நாங்கள் பழக்கியதைச் செய்து காட்டினார்கள். அதைத்தான் நான் அறிக்கையாக எழுதியிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

அட்டை வேண்டாம், முகம் வேண்டாம், கைதட்டல் வேண்டாம். ஆளுக்கு ஆறு புகைப்படங்கள், ஒரு குப்பைக்கூடை. படங்களில் மணி, கூடம், பேருந்து, நூலகம், நீச்சல்குளம், சலவைக்கடை. “வேணாங்கிறதை இதுல போட்டுடு.” என் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

டீச்சர் மணிப் படத்தை இரண்டாகக் கிழித்துப் போட்டாள். நூலகப் படத்தைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிட்டாள். மொத்தம் பதினான்கு பேர் மணியைத் தூக்கிப் போட்டார்கள். ஏழு பேர் விடவில்லை; அவர்களுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. ஒருவர் ஆறு படங்களையும் போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கூடை பிடித்திருக்கிறது.

மேடத்திடம் சொல்லப் போனேன். கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன்.

அம்மா சலவைக்கடையில் நாளெல்லாம் துணி தேய்த்துவிட்டு வந்திருந்தாள். அவளிடம் சொன்னேன். “வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு மாசம். பொறந்ததிலேர்ந்து பேசாதவ, இப்பப் போய் எதுக்குடி வாயைத் திறக்கிறே?”

மார்ச் 9, ஞாயிறு

நாளை. குரல் வருமா?

மார்ச் 10, திங்கள்

மேடம் “நூற்றுக்கு நூறு பேர் திருப்தி” என்று வாசித்தபோது எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இனி உட்காரவும் வழியில்லை.

“அந்த நூத்துக்கு நூறு தப்புங்க. தப்பு என்னோடது.”

எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டல், மணிக் குவியல், கூடை. மேடம் முகம் கறுத்துவிட்டது. “இதை என்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?” நியாயம்தான்.

பெற்றோர்கள் சார்பில் வந்திருந்தவர் டீச்சரின் அப்பா, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். “எம்பொண்ணு தங்கம்மா. இத்தனை வருஷத்துல ஒரு தடவ வேணாம்னு சொன்னதில்ல. வெளியில அனுப்புனா யாரு பாத்துக்குவா?”

கிழிந்த படத்தை மேசையில் வைத்தேன். இரண்டு பாதிகளையும் ஒட்டவைத்துப் பார்த்தார். பிரித்தார். மறுபடி ஒட்டவைத்தார்.

“அவளா கிழிச்சா?”

“அவங்களேதான் சார்.”

அதிகாரிகள் கையெழுத்துப் போடவில்லை. மூன்று மாத அவகாசம். ஒவ்வொருவரிடமும் திரும்பக் கேட்டு, கேட்டபடி நடத்திப் பார்க்க வேண்டும்.

வீட்டில், “பேசிட்டேம்மா.”

“எல்லார் முன்னாடியுமா?”

“ம்.”

“வேலை இருக்கா?”

“இருக்கு.”

அம்மா தட்டை எடுத்து வைத்தாள். நான் குளித்துக்கொண்டிருந்தபோது போனில் சித்தியிடம், “அதிகாரிங்களுக்கே பாடம் நடத்திட்டு வந்திருக்கா இவ!” என்றாள். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

முக அட்டைகளை மேடமே எடுத்து ஒதுக்கி வைத்தார். “கை தானா தட்டப் போகுது, என்ன எழவு பழக்கமோ!” சிரித்தார். என்னைப் பார்த்துத்தான்.

மே 13, செவ்வாய்

வேலை நிரந்தரமான கடிதம் வந்தது. கூடத்தில் இப்போது மணி பிடித்த ஏழு பேர் மட்டும். மற்றவர்கள் நான்கைந்து பேராகப் பிரிந்து, உதவியாளர்களோடு அவரவர் கேட்ட இடங்களில். டீச்சர் நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குகிறாள். படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை நேராக உட்காரச் சொன்னாளாம். உட்கார்ந்தாராம்.

ஜூன் 19, வியாழன்

டீச்சரின் அப்பா மூச்சிரைக்க வந்தார்.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க எம்பொண்ண? நீலச் சட்டைய எடுத்து வெச்சா வேணாம். தலை சீவி விடறேன்னா வேணாம். நூலகத்துக்கு நானும் வரேன்னேன், அதுக்கும் வேணாம்! உங்க உதவியாளரம்மாவோட பஸ்ல ஏறிட்டா. நாப்பது வருஷம் பஸ் ஓட்டுனவன், கீழ நின்னுக்கிட்டு இருக்கேன்!”

“மன்னிச்சுடுங்க சார்.”

“மன்னிப்பு யாரு கேட்டா? இதையெல்லாம் எழுதி வெக்க மாட்டீங்களா?”

பதிவேட்டில் டீச்சரின் பக்கத்தைத் திறந்து எழுதினேன். ‘அப்பா உடன் வருவதை வேண்டாம் என்று சொன்னார்.’

பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி இரண்டு முறை படித்தார்.

“நேரத்தையும் போடும்மா. எட்டு இருபது.”