இரண்டு வளைவு தள்ளி

6.2.2025, வியாழன்
சனிக்கிழமை கிளம்புகிறோம். குந்தாவுக்கு மேலே, எஸ்டேட்டின் மூடிக்கிடக்கும் டிவிஷன் வழியாக, முழுக்க மண் ரோடு. கூடாரம் போட்டு ஓர் இரவு. வண்டி, மசினகுடி லிஜியின் ஜீப். அந்த ரோட்டு கேட்களின் சாவி எங்கள் ஆபீஸில் இருக்கிறது. மேனேஜரைக் கேட்டால் தர மாட்டார். கேட்கவில்லை, எடுத்துவந்துவிட்டேன். இத்தனை வருடம் கிளார்க்காக இருந்து இதுகூட முடியாதா?

ரேணுகாவும் வருகிறாள். எங்கள் எஸ்டேட் கிரெச்சில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். மூவரும் ஒரே பள்ளி விடுதி. கூப்பிடாவிட்டால் முகம் வாடும் என்றாள் லிஜி. கூப்பிட்டால் எல்லா வேலையும் செய்வாள் என்றேன் நான்.

8.2.2025, சனி
கைவிட்ட தேயிலை, ஆள் உயரத்துக்கு மேல் மரமாகி நிற்கிறது. நடுவே கூடாரம். சமைத்ததும் கழுவியதும் ரேணுகா. கேட் வந்தால் இறங்கித் திறப்பதும், சாத்திவிட்டு ஓடி வருவதும் அவள்தான். ஒவ்வொரு முறையும் அவள் ஏறப்போகும்போது லிஜி வண்டியை நகர்த்துவாள். சிரிப்போம். அவளும் சிரித்தாள்.

9.2.2025, ஞாயிறு
எழுத வரவில்லை.

10.2.2025, திங்கள்
எழுதிவிடுகிறேன்.

நேற்று மதியம் மூன்று மணி. கடைசி கேட். பனிமூட்டம். ரேணுகா இறங்கிச் சாத்திக்கொண்டிருந்தாள். லிஜி என்னைப் பார்த்தாள். "விட்டுட்டுப் போகட்டே, சசி?"

"போ" என்றேன். நான்தான் சொன்னேன்.

இரண்டு வளைவு தள்ளி நிறுத்தினோம். எங்கள் பேரைச் சொல்லிக் கத்தினாள். லிஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பொத்தவில்லை. பிறகு கத்தல் நின்றது. பத்து நிமிடம் இருக்கும். வரவில்லை. திரும்பிப் போனால் ரோட்டில் ஆளில்லை. கீழே தேயிலைக்குள் கிடந்தாள். காட்டுமாடு முட்டித் தூக்கி எறிந்திருக்கிறது. இடது முழங்கால் இருந்த இடத்தில் — வேண்டாம்.

ஊட்டி ஆஸ்பத்திரி வரை லிஜி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "போட்டோ எடுக்க அவளாத்தான் எறங்கினா. கேட்டியா?"

"சரி."

பின் சீட்டில் ரேணுகா முனகிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்குமோ?

13.2.2025, வியாழன்
கோவைக்கு மாற்றியிருக்கிறார்கள். கால் இருக்கும், ஆனால் இனி மடங்காதாம். அவள் அம்மா கருப்பம்மா மருந்து வாங்க எழுந்து போனதும் ரேணுகா சொன்னாள்:

"நீங்க சிரிச்சது கேட்டுச்சு."

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"பக்கத்துலதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சுச்சு. சீக்கிரமா வந்துரலாம்னு தேயிலைக்குள்ள குறுக்கால எறங்கிட்டேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டுத் தொலைஞ்சா என்னவாம் இவளுக்கு?

"அம்மாகிட்ட நானேதான் எறங்குனேன்னு சொல்லிட்டேன். நீ பயப்படாத சசி."

அப்பாடா என்றிருந்தது. அதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

17.2.2025, திங்கள்
மேனேஜர் கூப்பிட்டார். "கேட் சாவியை யாரும்மா எடுத்தது?"

உண்மையைச் சொல்லத்தான் போனேன். போனேனா? "ரேணுகாங்க சார். அவ கையிலதான் பாத்தனுங்க."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன்.

3.3.2025, திங்கள்
ரேணுகாவை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். டைப் செய்தது நான். என் வாக்குமூலத்தின் நகலையும் சேர்த்து அனுப்பச் சொன்னார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். அவள் பிறந்த வீடு. ஓர் எழுத்துப்பிழை இருந்தது. திருத்தினேன்.

5.4.2025, சனி
இன்று காலி செய்தார்கள். திருப்பூரில் மாமா வீட்டுக்குப் போகிறார்கள். குழாய், பல்பு, கதவு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவர ஆபீஸ் என்னை அனுப்பியது.

கருப்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "லைன்ல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீ ஒருத்திதான் வந்த புள்ள. நீ நல்லா இருக்கணும்."

ரேணுகா காலை நீட்டியபடி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். நகல் அவளுக்கு வந்திருக்கிறது. என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? இப்போது சொல்லிவிடுவாள் என்று நின்றேன்.

"சசிக்கு டீ குடும்மா" என்றாள்.

குடித்தேன். பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் போட்டு அவளிடம் நீட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

பதினொன்றரைக்கெல்லாம் ஆபீஸுக்குத் திரும்பிவிட்டேன்.